இரண்டு வயதுக் குழந்தையின் காதுக்கு எத்தனை பாட்டில்?

சிவகாசியில் டெசிபல் என்றால் என்னவென்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெடித்த இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்ற விதி பட்டாசு ஆபீஸ் வாசல்வரை தெரிந்த விதி. அதே அளவுகோலில் வேறொரு கணக்கு உண்டு. நடுக்காதில் நீர் கோத்துக்கொண்ட குழந்தைக்குக் கேட்கும் திறன் சுமார் 25 டெசிபல் குறையும். சாதாரணப் பேச்சே 60 டெசிபல்தான். ‘கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கிறான்’ என்று அடிக்கும் முன், பிள்ளையின் காதை ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழல் பிறந்த குழந்தைக்குச் சுமார் 18 மி.மீ. நீளம், கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் இருக்கும். பெரியவர்களுக்கு 35 மி.மீ.; நல்ல சரிவு. சளி பிடித்த குழந்தைக்குக் காது வலிப்பது இதனால்தான். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் கிராமப்புறத்தில் 210 பச்சிளங்குழந்தைகளை 2 வயதுவரை பின்தொடர்ந்து, காதோடு மூக்கையும் சோதித்ததற்கும் காரணம் இதுவே. அடுப்புப் புகையும் பீடிப் புகையும் நடுக்காதுத் தொற்றை அதிகமாக்கும்.

கிருமிகள் முக்கியமாக மூன்று. நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளூயன்ஸே, மொராக்செல்லா. மருந்தே கொடுக்காவிட்டாலும் நிமோகாக்கஸ் தொற்று 100-க்குச் சுமார் 20 குழந்தைகளிடம் தானாக அகலும்; ஹீமோஃபிலஸ் ஏறக்குறைய 50 பேரிடம், மொராக்செல்லா சுமார் 75 பேரிடம். முதலாவதுதான் பிடிவாதக்காரக் கிருமி. மூன்றாவது, 100-க்கு 90-க்கும் மேல் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கை உடைக்கும் நொதியை வைத்திருந்தும் பெரும்பாலும் தானே ஒதுங்கிவிடுகிறது.

இனி மருந்துக் கணக்கு. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வறிக்கைப்படி, காதுவலி வந்த 100 குழந்தைகளில் 60 பேருக்கு ஆன்டிபயாட்டிக் இல்லாமலேயே 24 மணி நேரத்தில் வலி அடங்கியது. இரண்டு மூன்று நாளில் கூடுதலாக ஒரு குழந்தைக்கு வலி தீர 20 பேருக்கு மருந்து கொடுக்க வேண்டும். 14 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு வாந்தியோ பேதியோ தடிப்போ வருகிறது. ஆன்டிபயாட்டிக் உண்மையாகப் பலன் தருவது 2 வயதுக்குள் இரு காதிலும் தொற்று வந்தவர்களுக்கும், சீழ் வடிபவர்களுக்கும்.

அப்படிப்பட்ட ஒரு குழந்தை 12 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 80 மி.கி. வீதம் நாளொன்றுக்கு 960 மி.கி. அமாக்ஸிசிலின் வேண்டும். 5 மில்லியில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் தினமும் 19.2 மி.லி. 30 மி.லி. பாட்டில் ஒன்றரை நாளில் காலி. 5 நாளுக்கு 96 மி.லி., அதாவது 4 பாட்டில். 125 மி.கி. சிரப் என்றால் 7 பாட்டில். ஒரு பாட்டிலை வாங்கி, வலி நின்றதும் மிச்சத்தை அலமாரியில் வைக்கும் வீட்டில் இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும்? தேவையில்லாத காதுக்குக் கொடுக்கிறோம், தேவைப்படும் காதுக்கு அளவைக் குறைக்கிறோம். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். இதற்கு நேரான வழி ஒன்று இருக்கிறது: தண்ணீரில் கரையும் 250 மி.கி. மாத்திரை. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 10 முதல் 14 கிலோவரை காலையில் 2, மாலையில் 2, 5 நாள். மொத்தம் 20 மாத்திரை. எண்ணிக் கொடுத்தால் அம்மாவுக்கும் கணக்குப் புரியும். மருந்து தேவையா, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

தடுப்பூசிக் கணக்கில் மிகை வேண்டாம். 2011 டிசம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்த ஐந்து நோய்த் தடுப்பூசி ஹீமோஃபிலஸ் ‘பி’ வகையைத் தடுக்கிறது. காதுக்கு வருவதோ பெரும்பாலும் வேறு வகை. 2021-இல் தொடங்கிய நிமோகாக்கல் தடுப்பூசி 6-ஆவது வாரம், 14-ஆவது வாரம், 9-ஆவது மாதம் என 3 தவணை, அரசு நிலையங்களில் இலவசம். இதன் பழைய வடிவத்தைப் பின்லாந்தில் சோதித்தபோது நிமோகாக்கஸ் காதுத் தொற்று 34% குறைந்தது. எல்லாக் காதுத் தொற்றையும் சேர்த்தால் 6% மட்டுமே. ஆனாலும் நிமோனியாவுக்காகவே போட்டாக வேண்டும்.

சீழ் 14 நாளைத் தாண்டி வடிந்தால் கணக்கே வேறு. உள்ளே குடியிருப்பது பெரும்பாலும் சூடோமோனாஸ், ஸ்டஃபைலோகாக்கஸ். அமாக்ஸிசிலின் பொதுவாக எடுபடாது. சுத்தமான பருத்தித் துணியைத் திரியாகச் சுருட்டிக் காதில் வைத்து, நனைந்ததும் எடுத்துப் புதுத் திரி வைத்து, காது உலரும்வரை செய்ய வேண்டும்; நாளுக்குக் குறைந்தது 3 முறை. பிறகு மருத்துவர் எழுதும் குயினலோன் சொட்டு, 14 நாள். துணிக்குச் செலவே இல்லை. காய்ச்சிய நல்லெண்ணெயை மட்டும் ஊற்றவே கூடாது.

தீப்பெட்டி, பட்டாசு வேலையில் பீஸ் ரேட் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்குக் கூலி இல்லை. இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி 0.75%, முதலாளி 3.25% கட்டுகிறார்கள், மாதம் 10,000 ரூபாய்க்கு 75-உம் 325-உம். பிள்ளைக்கு வைத்தியம் உண்டு. ஆனால் 70% கூலி தரும் நோய்க்காலப் பணம் தொழிலாளிக்கே நோய் வந்தால்தான். அதனால் மருத்துவர் ஊருக்கு வரும் நாளை விடக் கூடாது. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டப் பட்டியலில் நடுக்காதுத் தொற்று இருக்கிறது. அதன் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறை, பள்ளிக்கு 1 முறை வர வேண்டும். அன்று ‘காதுல சீழ் வருது’ என்று சொன்னால் ஒரு நாள் கூலி மிச்சம்.