ஒரே சுவரில் இரண்டு காலம்

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிவரும் இருண்ட உள்சுற்றில், 1931இல் ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி, நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதைக் கண்டறிந்தார். வெள்ளை யானைமேல் சுந்தரரும் குதிரைமேல் சேரமான் பெருமாளும் கயிலைக்கு விரையும் காட்சி அவற்றுள் ஒன்று. அதன் கோட்டின் ஓட்டத்துக்கு ஈடு சொல்வது கடினம். இத்தகைய கலையைச் சுண்ணாம்பு பூசி மறைத்தார்களே என்று நாயக்கர்களைப் பழிப்பவர்கள் உண்டு. அந்தப் பழி நியாயமானதல்ல. வழிபாடு நடக்கும் கோயிலில் மங்கிய சுவரைப் புதிதாகத் தீட்டுவது திருப்பணி. பழையதைச் சேகரித்துக் காக்கும் அருங்காட்சியக நோக்கை அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது. தவிர, நூற்றாண்டுகளாக விளக்குப் புகையையும் கைபடுவதையும் நேரே தாங்கியது மேல்பூச்சுதான். அந்தப் பூச்சின் பிடிப்பே கீழிருந்த வண்ணத்தைச் சில இடங்களில் பெயர்த்திருக்காதா என்று கேட்கலாம். பெயர்த்திருக்கலாம், ஆனால் திறந்தே கிடந்திருந்தால் இவ்வளவாவது எஞ்சியிருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

அப்படியானால் சோழர் ஓவியங்களை வெளிக்கொணரப் பின்னர் மேலடுக்கை அகற்றியது சரியா? நாயக்கர் ஓவியமும் கலைதான், சுரண்டி எறியத்தக்கதல்ல. இந்தியத் தொல்லியல் துறை அதைச் சுவரிலிருந்து உரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்தது. ஒன்றை மீட்க மற்றொன்றை அழிக்க வேண்டியிருக்கவில்லை.