மலச்சிக்கலும் நற்கிருமிகளும்

பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி 1908-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய விஞ்ஞானி இலியா மெச்னிகாவ், பெருங்குடலில் தேங்கி அழுகும் மலத்தின் விஷமே முதுமையை விரைவுபடுத்துகிறது என்று கருதி, பல்கேரியக் குடியானவர்களின் தீர்க்காயுளுக்குக் காரணம் அவர்கள் அன்றாடம் உண்ணும் புளித்த பாலே என்று துணிந்து, தாமும் அதனை நியமமாக அருந்திவந்தார். அந்த விஷத்தைப் பற்றிய பயம் அக்காலத்தில் எவ்வளவு தூரம் சென்றதென்றால், லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற பிரசித்தி பெற்ற ரண வைத்தியர், மலச்சிக்கலுற்றோர் சிலரின் பெருங்குடலையே அறுத்தெடுத்துவிட்டார்! அந்தச் சித்தாந்தம் பின்னர் கைவிடப்பட்டது. ஆயினும், குடலில் நமக்கு உபகாரம் செய்யும் கிருமிகளும் உண்டு என்ற மெச்னிகாவின் அபிப்பிராயம் மட்டும் நிலைத்து நின்றது.

அக்கிருமிகளுள் முக்கியமானது பைபிடோபாக்டீரியம். தாய்ப்பால் உண்ணும் சிசுக்களின் மலத்தில் இதனை முதன்முதலில் கண்டவர், அதே பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி டிஸ்ஸியே. நமது ஜீரண நீர்களுக்கு வசப்படாமல் பெருங்குடலை அடையும் நார்ப்பொருள்களில் சிலவற்றை இவ்வினக் கிருமிகள் நொதிக்கச் செய்து, அசிட்டிக், லாக்டிக் முதலிய அமிலங்களை உண்டாக்குகின்றன. அவ்வமிலங்கள் குடலின் அலையியக்கத்தைத் தூண்டி, மலம் முன்னோக்கி நகரத் துணைபுரியக்கூடும் என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து.

இக்கிருமிகளை மருந்தாக உட்கொள்வதன் பலன் எவ்வளவு? லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள், 1,182 பேர் பங்கேற்ற 14 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவின்படி, இத்தகைய கிருமிகளை உட்கொண்டோரின் குடலில் மலம் கடந்துசெல்லும் நேரம் சராசரியாகச் சுமார் 12 மணி குறைந்தது. மலங்கழித்தல் வாரத்துக்கு ஒரு முறைக்குச் சற்று மேலாக அதிகரித்தது. ஆனால், பைபிடோபாக்டீரியம் லாக்டிஸ் என்ற வகையில் தெளிவாகக் காணப்பட்ட இந்த நன்மை, ஜப்பானியர் ஷிரோட்டாவின் பெயர் தாங்கிய, லாக்டோபாசில்லஸ் என்ற மற்றோர் இனத்தைச் சேர்ந்த வகையில் காணப்படவில்லை. சோதனைகளின் தரம் ஒரே சீராக இல்லாமையால் இம்முடிவுகளையும் ஜாக்கிரதையாகவே கொள்ள வேண்டும் என்று அவர்களே எச்சரித்தனர்.

ஆகவே, ஒரு வகைக் கிருமியின் குணத்தை மற்றொன்றுக்கு ஏற்றிச் சொல்வது நியாயமன்று. வீட்டுத் தயிரும் மோரும் நல்ல ஆகாரங்களே. எனினும் சோதனையில் பயன்பட்ட வகையும் அளவும் அவற்றில் இருக்குமென்று சொல்வதற்கில்லை. கடையில் கிருமி மருந்து வாங்குவோர், உறையில் வகையின் முழுப்பெயர் இருக்கிறதா என்று பார்த்து, சில வாரம் உட்கொண்டும் குணம் தெரியாவிடில் நிறுத்திவிடலாம். நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் வைத்தியரைக் கேளாமல் இவற்றைத் தொடலாகாது. கீரை, காய், பழம், போதிய தண்ணீர், தேகப்பயிற்சி ஆகியவற்றுக்கு இக்கிருமிகள் துணையாகலாமேயன்றி ஈடாகமாட்டா. மலத்தில் ரத்தம் தோன்றினாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ, மலங்கழிக்கும் வழக்கம் திடீரென மாறினாலோ, தயிரையும் மாத்திரையையும் நம்பிக் காலம் கடத்தாமல் உடனே வைத்தியரை நாடுங்கள்.