எச்சில் துளியில் அப்பா

செல்லும் சொல்லும் – 14

சென்ற வாரம் மைட்டோகாண்ட்ரியாவைச் செல்லுக்குள் எரியும் அடுப்பு என்று எழுதியிருந்தேன். அந்த அடுப்பு அணைந்துபோனால் என்ன ஆகும் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கான பதிலைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் மாவட்டத்தில், கள்ளக்குறிச்சி நகரத்தின் நடுவிலேயே, அது நடந்திருக்கிறது.

2024 ஜூன் 18, 19 தேதிகளில் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்களுக்கு வயிற்றுவலியும் வாந்தியும் வந்தன. பிறகு கண் மங்கியது. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நிரம்பியது. சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின. ஆண்களும் பெண்களுமாக 65-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். கோமுகி ஆற்றங்கரையில் சிதைகள் வரிசையாக எரிந்தன. தெருவில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் சேர்த்து ஒரே பந்தல் போதும் என்ற நிலை.

அவர்கள் குடித்ததில் இருந்தது மெத்தனால். மெத்தனால் அந்த வடிவத்திலேயே நேராகக் கொல்வதில்லை. கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி, ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ், அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அடுத்த நொதி அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. கட்டெறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த அமிலம். நம்மைக் காக்க வேண்டிய கல்லீரல்தான் தன் வழக்கமான வேலையைச் செய்தபடியே விஷத்தைத் தயாரித்துத் தருகிறது. அதற்குப் பன்னிரண்டு மணி நேரம், சில நேரம் ஒரு நாள்கூட ஆகும். குடித்தவர் வீட்டுக்கு வருகிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார். ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்து மிச்சமிருந்த பாக்கெட்டையும் காலையில் குடித்தால், கொல்லும் அளவு உடலில் சேர்ந்துவிடும். சுத்தமான மெத்தனால் 30 மில்லியே உயிரைப் பறிக்கும். கருணாபுரத்தில் முதல் இறப்புகளுக்குக் காரணம் கள்ளச்சாராயம் அல்ல என்று முதலில் சொல்லப்பட்டது. இந்த விஷத்தின் மறைவான நேரத்தைத் தெரிந்தவர்களுக்கு, அந்தச் சில மணி நேரத்தின் விலை என்ன என்று தெரியும்.

ஃபார்மிக் அமிலம் செல்லுக்குள் போய் என்ன செய்கிறது? மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில், நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனைக் கடைசியாக வாங்கிக்கொள்ளும் ஒரு புரதம் இருக்கிறது: சைட்டோகுரோம் ஆக்சிடேஸ். ஃபார்மேட் அதில் போய் ஒட்டிக்கொண்டு ஆக்சிஜனை வாங்கவிடாமல் தடுக்கிறது. மூச்சு வருகிறது, நுரையீரல் வேலை செய்கிறது, இரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறது, ஆனால் செல்லால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. சோற்றுப்பானை எதிரில் இருக்க, வாய் கட்டப்பட்டவன் பட்டினி கிடப்பதைப் போல. எந்தச் செல் அதிகம் எரிபொருள் கேட்கிறதோ அது முதலில் சாகும். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் ஏறக்குறைய 12 லட்சம் இழைகள் இருக்கின்றன. அவை கண்ணை விட்டு வெளியேறும் இடம் மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் இடம். அதனால்தான் கண் முதலில் போகிறது. எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது, பனி மூட்டம் போல இருக்கிறது என்று நோயாளிகள் சொல்வார்கள்.

எலிகளுக்கு இப்படி ஆவதில்லை. எலியின் கல்லீரலில் ஃபோலேட் தாராளமாக இருப்பதால் ஃபார்மேட்டை விரைவாகக் கழித்துவிடும். நம் உடலிலும் குரங்குகளின் உடலிலும் அந்த வேகம் கிடையாது. எலியை வைத்து மட்டும் சோதித்திருந்தால் மெத்தனால் அவ்வளவு ஆபத்தில்லை என்று முடிவு கட்டியிருப்பார்கள். மருத்துவமும் இந்த வேதியியலுக்குள்ளேயே இருக்கிறது. முதல் நொதியைத் தடுக்க ஃபோமெபிசோல் என்ற மருந்து, அது கிடைக்காத இடத்தில் எத்தனால். அந்த நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால்தான் பிடிக்கும். எத்தனால் இருக்கும்வரை மெத்தனாலை அது சீண்டாது. அதற்குள் டயாலிசிஸ் செய்து விஷத்தை வெளியேற்றிவிட வேண்டும். எல்லாம் நேரத்தோடு நடக்கும் பந்தயம்.

இதில் கல்வராயன் மலையின் பெயர் அடிபட்டதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மேலே ஏறினால் வெள்ளிமலை. கல்வராயன் மலையில் சாராயம் காய்ச்சுவது உண்மை. வெல்லம், வேலம்பட்டை, கடுக்காய் போட்டு ஊறல் வைப்பார்கள். அந்தச் சாராயம் மலையிலும் அடிவாரத்திலும் எத்தனையோ குடும்பங்களைக் கெடுத்திருக்கிறது. அதற்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் வெல்ல ஊறலில் ஈஸ்ட் உண்டாக்குவது எத்தனால். ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் அதிலிருந்து வராது. கருணாபுரத்தில் கொன்றது ஆலைகளுக்குக் கரைப்பானாகப் போகும் மெத்தனால். சாவுக்குப் பிறகு போலீஸ் மலையேறி ஊறல் பேரல்களைக் கவிழ்த்தது. மலைக்குப் போலீஸ் போன அளவுக்கு மற்றவர்கள் போயிருக்கிறார்களா என்ற கேள்வியும் அப்போதுதான் எழுந்தது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றிய வழக்கைக் கையில் எடுத்தது.

இனி இறந்தவர்களின் பிள்ளைகளிடம் வருகிறேன். இந்த வாரம் நான் எழுத நினைத்தது அவர்களைப் பற்றித்தான்.

1948-ல் மரியா நாகி என்ற உளவியலாளர் புடாபெஸ்ட் நகரத்தில் 3 முதல் 10 வயது வரையான 378 பிள்ளைகளிடம் சாவைப் பற்றிக் கேட்டு எழுதிய ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. மிகச் சிறிய பிள்ளைகளுக்குச் சாவு என்பது ஒரு பயணம், ஒரு தூக்கம். போனவர் எங்கோ இருக்கிறார். பின்னால் வந்த ஆய்வாளர்கள், குறிப்பாக 1984-ல் ஸ்பீஸ், பிரென்ட் இருவரும், பிள்ளை புரிந்துகொள்ள வேண்டியவற்றை மூன்றாகப் பிரித்தார்கள்: செத்தவர் திரும்பி வரமாட்டார், அவர் உடம்புக்குப் பசியும் வலியும் கிடையாது, எல்லோரும் ஒருநாள் சாவோம். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது பிடிபடுகிறது.

நாம் என்ன செய்கிறோம்? பிடிபடுகிற அந்த வயதில் போய்க் குழப்புகிறோம். 'சாமிகிட்ட போயிட்டாரு', 'தூங்குறாரு', 'வெளியூர் போயிருக்காரு' என்கிறோம். பிரியத்தால்தான் சொல்கிறோம். எனக்கும் சொன்னார்கள். ஆறு வயதில் என் அப்பா இறந்தபோது, மெட்ராஸுக்கு வைத்தியத்துக்குப் போயிருக்கிறார் என்று என்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கருமாதி முடிந்துதான் திரும்பி வந்தேன். கடைசி பஸ் எங்கள் ஊரில் நிற்கும் நேரம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: இரவு ஒன்பதே கால். தினமும் திண்ணையில் உட்கார்ந்து, அதிலிருந்து இறங்குகிறவர்களை எண்ணுவேன். அப்பா போவதற்கு முதல்நாள் அவருடைய பேனாவை உடைத்திருந்தேன். அந்தக் கோபத்தில்தான் வராமல் இருக்கிறார் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு நாள் அத்தை திண்ணையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நம்ம செவலைக் கிடேரி செத்துப்போச்சே, ஞாபகம் இருக்கா? அந்த மாதிரிடா. அப்பா செத்துட்டாரு. இனிமே வரமாட்டாரு. நீ ஒண்ணும் பண்ணல." நான் அன்று அழுத அழுகையை அத்தை தடுக்கவில்லை. அதன் பிறகு பஸ்ஸை எண்ணவில்லை.

கருணாபுரத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் சேர்ந்தது. குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பத்து லட்சம் நிவாரணம் என்று மாநிலம் முழுவதும் பேசினார்கள். தொலைக்காட்சி ஓடும் வீட்டில், டீக்கடையில், பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் காதுபடவே பேசினார்கள். நோயில் இறந்தவரின் பிள்ளைக்கு ஊர் அனுதாபம் தரும். குடித்து இறந்தவரின் பிள்ளை தலை குனிந்து நடக்கும். உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்று கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்குப் பெயர் வைத்தார். எட்டு வயதுப் பிள்ளைக்கு அவர் அப்பா, அவ்வளவுதான். சனிக்கிழமை பொட்டலத்தில் பக்கோடா வாங்கி வந்தவர்.

இந்தத் துக்கம் மனதோடு நின்றுவிடுவதில்லை. இங்கேதான் செல் மறுபடியும் வருகிறது.

நம் குரோமோசோம்களின் இரண்டு நுனிகளிலும் டெலோமியர் என்ற பகுதி உண்டு. கோரைப்பாய் முடைகிறவர்கள் ஓரத்தை மடித்துக் கட்டுவார்கள். கட்டாவிட்டால் பாய் ஓரத்திலிருந்து பிரிந்துகொண்டே வரும். டெலோமியர் அந்த ஓரக் கட்டு. செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அது கொஞ்சம் தேயும். அதைப் பற்றிய அடிப்படைக் கண்டுபிடிப்புகளுக்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் மூவரும் 2009-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 2004-ல், பிளாக்பர்னும் உளவியலாளர் எலிஸா எபெலும் தாய்மார்களின் செல்களைச் சோதித்தார்கள். அவர்களில் பலர் தீராத நோயுள்ள பிள்ளைகளைப் பராமரிப்பவர்கள். மனஅழுத்தம் மிக அதிகமாக இருந்த பெண்களின் டெலோமியர், அழுத்தம் குறைந்தவர்களோடு ஒப்பிட்டால் பத்து ஆண்டு மூப்புக்கு ஈடாகத் தேய்ந்திருந்தது.

2017-ல் வந்த இன்னொரு ஆய்வை நான் பலமுறை படித்திருக்கிறேன். கோல்டர் மிட்செல், டேனியல் நோட்டர்மேன் குழுவினர் அமெரிக்கப் பெருநகரங்களில் பிறந்த 2,420 பிள்ளைகளின் எச்சிலை ஒன்பது வயதில் எடுத்துச் சோதித்தார்கள். அப்பாவை இழந்த பிள்ளைகளின் டெலோமியர் சராசரியாக 14 சதவீதம் குறைந்திருந்தது. பெற்றோர் பிரிந்ததால் இழந்தவர்களுக்கு 6, சிறைக்குப் போனதால் இழந்தவர்களுக்கு 10, சாவால் இழந்தவர்களுக்கு 16. ஆண் பிள்ளைகளிடம் இந்தப் பாதிப்பு 40 சதவீதம் கூடுதல். ஒரு துளி எச்சிலில் அப்பா இல்லாதது தெரிகிறது.

சிறை என்ற அந்த நடு எண்ணைப் பார்க்கும்போது எனக்கு மலைதான் நினைவுக்கு வருகிறது. சாராய வழக்கில் உள்ளே போனவர்கள், செம்மரம் வெட்டப் போய் ஆந்திரச் சிறையில் கிடந்தவர்கள் கல்வராயன் மலையில் உண்டு. கருணாபுரத்துப் பிள்ளையைப் பற்றியாவது செய்தி வந்தது.

அமெரிக்கப் பிள்ளைகளின் எண்ணை எடுத்து நம் பிள்ளைகளின் நெற்றியில் ஒட்டிவிடக் கூடாது. அது கூட்டத்தின் சராசரி. தனி ஒரு பிள்ளையின் ஜாதகம் அல்ல. டெலோமியர் குறைந்த பிள்ளை நோயாளியும் அல்ல. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் கணக்கிட்டது. இந்தத் தேய்மானத்தில் எவ்வளவு பங்கு குடும்பத்தின் வருமானம் குறைந்ததால் வந்தது? பெற்றோர் பிரிந்த வீடுகளில் 95 சதவீதம். அப்பா இறந்த வீடுகளில் வெறும் 25.

தமிழ்நாடு அரசு இந்தச் சாவுகளில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய், வங்கியில் 5 லட்சம் வைப்புத்தொகை, பட்டப்படிப்பு வரை கல்விச் செலவு, விடுதிச் செலவு என்று அறிவித்தது. ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சம் வைப்புத்தொகை. நல்ல காரியம். வேண்டிய காரியம். இதை எதிர்த்துப் பேசியவர்களோடு எனக்குத் துளியும் உடன்பாடில்லை. ஆனால் அந்த 25-ஐப் பார்த்த பிறகு, மிச்சத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. 2024-ல் ஆறு வயதான பிள்ளைக்கு 2036-ல் அந்தப் பணம் கைக்கு வரும். நடுவில் பன்னிரண்டு ஆண்டு இருக்கிறது.

நடுவில் என்ன செய்யலாம் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. ஹார்வர்டில் வில்லியம் வோர்டனும் ஃபிலிஸ் சில்வர்மேனும் பெற்றோரில் ஒருவரை இழந்த 125 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பிள்ளை எப்படித் தேறுகிறது என்பதற்கு மிக வலுவான அடையாளம், மிஞ்சியிருக்கும் அம்மாவோ அப்பாவோ எப்படி இருக்கிறார் என்பதுதான். அரிசோனாவில் இர்வின் சாண்ட்லர் குழு ஒரு படி மேலே போய், அந்த மிஞ்சிய பெரியவருக்கே பயிற்சி கொடுத்தது. பிள்ளைகளுக்குத் தனியாக, வளர்ப்பவருக்குத் தனியாக, பன்னிரண்டு அமர்வுகள். யாருக்கு இந்தப் பயிற்சி என்று குலுக்கல் முறையில் பிரித்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பதினைந்து ஆண்டு கழித்தும் பயிற்சி பெற்ற குடும்பத்துப் பிள்ளைகளிடம் மனச்சோர்வு நோய் குறைவாக இருந்தது.

அந்த அமர்வுகளில் சொல்லித்தந்தது ஏதோ பெரிய வித்தை என்று நினைக்க வேண்டாம். தினமும் கொஞ்ச நேரம் அந்தப் பிள்ளையோடு மட்டும் இருப்பது. அது பேசும்போது குறுக்கே பதில் சொல்லாமல் கேட்பது. வீட்டில் சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம் எதுவும் நேரம் தவறாமல் பார்ப்பது. கருணாபுரத்தில் இதைச் செய்ய வேண்டியவள் காலையில் கூலி வேலைக்குப் போய் ஏழு மணிக்குத் திரும்பும் அம்மா, அல்லது மகனையும் மருமகளையும் கொடுத்துவிட்டுப் பேரப்பிள்ளையோடு நிற்கும் ஆயா. அவள் துக்கத்தையே கேட்க ஆளில்லை. கிராம சுகாதாரச் செவிலியரோ அங்கன்வாடிப் பணியாளரோ பள்ளி ஆசிரியரோ, அவளிடம் முதலில் போய் உட்கார வேண்டும். மாதம் ஒரு முறையாவது, பன்னிரண்டு ஆண்டும்.

அவள் அடுப்பைப் பற்றவைத்து உலை வைப்பாள். பிள்ளை பக்கத்தில் வந்து குந்தும். அரிசி வேகும் வரை இருபது நிமிடம். அதிலேயே அது கேட்கும்: அப்பாவுக்குக் கண்ணு வலிச்சிருக்குமா?

(தொடரும்)