பழைய உளி, இழைப்புளியின் வயது என்ன? காட்டிக் கொடுக்கும் உற்பத்தியாளர் முத்திரைகள்

தச்சர் குடும்பங்களின் பழைய பெட்டிகளிலும், மும்பை சோர் பஜார் போன்ற பழம்பொருள் சந்தைகளிலும் துருவேறிய உளி, இழைப்புளி, குறடு போன்ற கைக்கருவிகளை இன்றும் காணலாம். பழைய இரும்பாக எடைக்குப் போடப்படும் இவற்றில் சில நூறு ஆண்டுகளைக் கடந்தவையாகவும் இருக்கக்கூடும். அவ்வாறு இருந்தால், அது விலை தொடர்பானது மட்டுமல்ல. சட்டம் தொடர்பானதும் ஆகும். அந்த வயதை எப்படிக் கண்டறிவது?

முத்திரை சொல்வது என்ன?

பெரும்பாலான கருவிகளில் தயாரிக்கப்பட்ட ஆண்டு பொறிக்கப்படுவதில்லை. ஆனால், உற்பத்தியாளர் பெயர், ஊர், நாடு, தரக்குறியீடு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கால எல்லையைக் காட்டுகிறது. 'இந்த ஆண்டுக்கு முன் தயாரிக்கப்பட்டிருக்க முடியாது', 'இந்த ஆண்டுக்குப் பின் தயாரிக்கப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு' என இரண்டு எல்லைகளை வகுத்து, இடைவெளியைக் குறுக்குவதே வழிமுறை.

இறக்குமதிக் கருவிகள்

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரக் கருவிகள் இந்தியாவுக்குப் பெருமளவில் வந்தன. அங்கு 1624ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட வெட்டுக்கருவிக் கைவினைஞர் சங்கம், உற்பத்தியாளர்களின் முத்திரைகளைப் பதிவு செய்து வந்தது. 'காஸ்ட் ஸ்டீல்' என்ற பொறிப்பு இருந்தால், அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு அல்லது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. 'குரோம் வனேடியம்' என்ற பொறிப்பு 20ஆம் நூற்றாண்டுக்குரியது.

பிரிட்டனில் 1887ஆம் ஆண்டும், அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டும் இயற்றப்பட்ட சட்டங்களால் இறக்குமதிப் பொருட்களில் நாட்டின் பெயரைப் பொறிக்கும் வழக்கம் பரவியது. 'மேட் இன் இங்கிலாந்து' என்றிருந்தால் அது பொதுவாக 20ஆம் நூற்றாண்டுக் கருவி. 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. அமெரிக்காவின் ஸ்டான்லி இழைப்புளியில் இதய வடிவத்துக்குள் 'எஸ்டபிள்யூ' என்ற எழுத்துகள் காணப்பட்டால், அது 1920கள் அல்லது 1930களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசு உடைமையைக் குறிக்கும். போர்க்காலக் கருவிகள் பலவற்றில் அதனுடன் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும்.

இந்தியக் கருவிகள்

இந்தியத் தயாரிப்புகளுக்கு உள்நாட்டுச் சட்டங்களே அளவுகோல். ஐஎஸ்ஐ முத்திரை நடைமுறைக்கு வந்தது 1955ஆம் ஆண்டில். எனவே, அம்முத்திரை கொண்ட கருவி அதற்கு முந்தையதாக இருக்க இயலாது. நாட்டில் மெட்ரிக் அளவு முறை 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைப்படுத்தப்பட்டதால், மில்லிமீட்டர் அளவு பொறிக்கப்பட்ட இந்தியக் கருவி பெரும்பாலும் அதற்குப் பிந்தையதே. அட்டைப்பெட்டி முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால், அது 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது.

எடுத்துக்காட்டாக, ஒரு குறட்டில் ஐஎஸ்ஐ முத்திரையும் மில்லிமீட்டர் அளவும் உள்ளன. அதன் பெட்டியில் ஆறு இலக்க எண்ணுடன் 'பம்பாய்' முகவரி காணப்படுகிறது எனக் கொள்வோம். அந்நகரின் பெயர் 1995ஆம் ஆண்டில் மும்பை என மாற்றப்பட்டது. ஆகவே, அக்குறடு 1972க்கும் 1990களின் பிற்பகுதிக்கும் இடைப்பட்டது எனக் கணிக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

காப்புரிமை ஆண்டு என்பது தயாரிப்பு ஆண்டு அல்ல. அதே பொறிப்புடன் பல ஆண்டுகள் கருவிகள் வெளிவந்துள்ளன. இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1987ஆம் ஆண்டில் பிஐஎஸ் எனப் பெயர் மாறிய பின்னரும் ஐஎஸ்ஐ முத்திரை தொடர்கிறது. இழைப்புளியின் கத்தி பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், உடல், கத்தி இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். கருவி முழுவதும் துருவேறியிருக்க, முத்திரையின் பள்ளத்தில் மட்டும் உலோகம் பளபளத்தால், அது பின்னர் பொறிக்கப்பட்டதாக இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1972இன்படி, குறைந்தது 100 ஆண்டுகள் பழமையான, வரலாற்று மதிப்புடைய பொருட்கள் தொல்பொருட்களாகக் கருதப்படும். அவற்றைத் தனிநபர்கள் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வது குற்றமாகும். மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். எனவே, பழைய கருவிகளை இணையம் வழியாக வெளிநாட்டினருக்கு விற்க முற்படுவோர், முதலில் அவற்றின் வயதை அறிந்துகொள்வது அவசியம். ஐயம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையை அணுகி, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைப் பெறலாம்.

அதுவரை, துருவைப் போக்குவதற்காகக் கருவியைச் சாணைக்கோ உப்புத்தாளுக்கோ கொடுக்காமல் இருப்பது நல்லது. மெல்லிய தூரிகையால் எண்ணெய் தடவித் துடைத்து, டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினாலே மங்கிய எழுத்துகள் தெரியத் தொடங்கும். ஒருமுறை தேய்த்து அழிக்கப்பட்ட முத்திரையை மீண்டும் பெற முடியாது. அதனுடன் கருவியின் வயதுக்கான சான்றும் மறைந்துவிடும்.