வைல் லூப் எப்போது நிபந்தனையைப் பார்க்கிறது?

அந்தமான் அரசுப் பள்ளிகளில் சி.பி.எஸ்.இ பாடத்திட்டம். அதனால் தெற்கு அந்தமானின் சௌல்தாரியில் பதினோராம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கும் பிள்ளைக்கும் பைத்தானும், நிபந்தனை மெய்யாக இருக்கும்வரை சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் வைல் லூப்பும் வந்துவிடும். இந்த லூப்பில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. நிபந்தனை பொய்யான அந்த நொடியே லூப் நின்றுவிடும் என்று நினைத்துவிடுகிறார்கள். நிற்காது.

ஏன் என்று பார்க்க அடுப்படிக்கு வாருங்கள். பாத்திரத்தில் 5 கரண்டி மாவு, தோசைக்கு 2 கரண்டி. சுடுகிறவர் பாத்திரத்தை எட்டிப் பார்ப்பது கல் காலியாக இருக்கும்போதுதான். மாவு இருந்தால் ஊற்றி, எண்ணெய் விட்டு, திருப்பி, எடுப்பார். பிறகுதான் மறுபடி பாத்திரம். மூன்றாவது தோசைக்கு வழித்து ஊற்றியதுமே மாவு தீர்ந்துவிட்டது. அதற்காக வேகாத தோசையை யாரும் பாதியில் விடுவதில்லை. அதைத் தட்டில் போட்ட பிறகே அடுப்பு அணைகிறது.

முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியில் இதை எழுதினால்:

மாவு = 5
@( மாவு > 0 ) வரை
    மாவு = மாவு - 2
    பதிப்பி மாவு
முடி

திரையில் 3, 1, -1 என்று வரும். அந்த -1 எப்படி வந்தது? மாவு 1 ஆக இருந்தபோது நிபந்தனை மெய், உள்ளே விட்டாயிற்று. அடுத்த வரியிலேயே -1 ஆகி நிபந்தனை பொய்த்தது. ஆனால் அப்போது யாரும் பார்க்கவில்லை. பதிப்பி வரியும் ஓடி முடிந்து, மேலே திரும்பிய பிறகுதான் சோதனை. ஆக லூப்பின் உடல், அதாவது உள்ளே இருக்கும் வரிகள், ஓடியது 3 முறை, சோதனை நடந்தது 4 முறை. கடைசிச் சோதனைதான் வெளியே அனுப்புகிறது.

அரைத் தோசை வேண்டாம் என்றால் நிபந்தனையை 'மாவு >= 2' என்று மாற்றுங்கள். 3, 1 என்று நின்றுவிடும். தொடக்கத்திலேயே மாவு 0 என்றால் உடல் ஒருமுறைகூட ஓடாது. சி மொழியின் டூ-வைலோ முதலில் ஒரு சுற்று ஓடிவிட்டுப் பிறகு பார்க்கும். பைத்தானில் அது கிடையாது. நடுவிலேயே வெளியேற வேண்டுமானால் பிரேக் என்று நாமே எழுத வேண்டும்.

லூப்பைப் படிக்கும்போது நோட்டில் ஒரு அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வரி, பொய்யாகும் கடைசிச் சோதனைக்கும் சேர்த்து.