மணலுக்குள் இருக்கும் மழை

மாசி மாத விடியலில், இலங்கையின் வடமேற்குக் கரையிலுள்ள நுரைச்சோலையின் வெங்காயப் பாத்திகளுக்குள் இறங்கினால் சாரத்தின் கீழ்மடிப்பு நனைந்துவிடும். இரவு மழை பெய்திருக்காது. எல்லாம் பனி. வெங்காயத்தாள்கள் ஈரப் பாரத்தில் சற்றே சாய்ந்து நிற்கும். தண்ணீர் இறைக்கும் மோட்டரை மூடியிருக்கும் பொலித்தீன் தாளின் பள்ளத்தில் ஒரு கை அள்ளும் அளவு நீர் தேங்கியிருக்கும். எட்டு மணி வெயிலில் அத்தனையும் மறைந்துவிடும்.

பழந்தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தபோது பனிக்கு இரண்டு பருவங்களைக் கொடுத்தார்கள். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று இன்றும் சொல்கிறோம். இதே நாட்களில் பிரான்சில் வாழும் உறவினர்கள் கூரையும் வேலியும் வெள்ளையாகிப் போன ஒரு கிராமத்துப் படத்தைத் தொலைபேசியில் அனுப்பி, 'இங்கே நல்ல பனி' என்பார்கள். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்தான். இலங்கைக்குள்ளேயே நுவரெலியாவில் தை, மாசி இரவுகளில் புல்லின் மேல் வெண்மையாகப் படிவதைப் பத்திரிகைகள் 'துகள் உறைபனி' என்று எழுதுகின்றன. தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் அந்தக் குளிர் கரையோர மணலை எட்டுவதில்லை.

பிரான்சின் நாட்டுப்புறத் தோட்டக்காரருக்குக் குளிர்காலத்தின் கடைசிப் பகுதி காத்திருப்பின் காலம். மண் இறுகிக் கிடக்கும். மரக்கிளைகளை வெட்டிவிடுவார், எருக்குவியலைப் புரட்டுவார், விதைகளைத் தெரிவு செய்து வைப்பார். தக்காளி போன்ற மென்மையான நாற்றுகளை, மே 11, 12, 13ஆம் திகதிகளில் வரும் 'பனிப் புனிதர்கள்' நாட்கள் கடக்கும் வரை வெளியில் நடாதே என்பது அங்கே பாட்டன் காலத்து அறிவுரை. அதற்குள் பனி தன் வேலையைச் செய்கிறது. போர்வை போலக் கிடந்து வேர்களைக் கடுங்குளிரிலிருந்து காக்கிறது, மெல்ல உருகி மண்ணுக்குள் நீராக இறங்குகிறது. மழைக்காலத்து நீரைக் கோடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அப்படியொரு களஞ்சியம் நுரைச்சோலையிலும் உண்டு. ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது. காலுக்குக் கீழே, மணலுக்குள் இருக்கிறது.

நுரைச்சோலை இருக்கும் கற்பிட்டிக் குடாநாடு ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் புத்தளம் களப்பும் அணைத்த நீண்ட மணல் துண்டு. ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை ஓடிப்போகாமல் மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. நன்னீர் உவர்நீரை விட எடை குறைந்தது. அதனால்தான் இந்த மிதப்பு. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர்களின் கணக்கு. இந்தக் கணக்கை மறுபக்கமாகவும் படிக்க வேண்டும். மேல்மட்டம் நிலையாக ஒரு அடி இறங்கினால், காலப்போக்கில் கீழிருந்து உப்புநீர் 40 அடி மேலே வரும். பின்பனிக் காலத்தில் வில்லை ஓரளவு நிறைந்திருக்கிறது. செலவு தொடங்குவதும் அப்போதுதான்.

செலவுக்குக் குறைவில்லை. சின்ன வெங்காயம், மிளகாய், பீட்ரூட், உருளைக்கிழங்கு, கோவா, பூசணி, கச்சான் என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பயிர் நிலத்தில் நிற்கிறது. வெறும் மணலில் இத்தனை விளைவதைப் பார்த்து வெளியூரார் வியப்பது நியாயம்தான். ஆழம் குறைந்த கிணற்றில் மோட்டர், அதிலிருந்து குழாய், பாத்தி நடுவே சுழலும் ஸ்பிரிங்ளர்: இந்த மூன்றையும் வைத்தே இந்தப் பசுமை நிற்கிறது. கைகளும் வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெருந்தொகையானவை புத்தளம் மாவட்டத்தில்தான் தஞ்சமடைந்தன. ஊரில் சொந்தக் காணி வைத்திருந்த பலர் இங்கே அடுத்தவர் தோட்டத்தில் நாட்கூலிக்குக் களை பிடுங்கினார்கள், வெங்காயம் கிண்டினார்கள். இந்த மணலின் விளைச்சலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர்களை விட்டுவிட்டுப் பேசக்கூடாது.

பனி அழகாக இருக்கிறதே தவிர, வெங்காயத்துக்கு அது நல்ல விருந்தாளி அல்ல. தெளிந்த வானமுள்ள இரவில் மணலின் மேற்பரப்பு சூட்டை விரைவாக இழக்கிறது. அதை ஒட்டிய காற்றின் ஈரம் இலையில் துளியாகிறது. இலை நெடுநேரம் நனைந்திருந்தால் ஊதாப் புள்ளி போன்ற பூஞ்சண நோய்கள் தொற்றும். ஜாவாத் தீவின் பிரெபெஸ் பகுதி வெங்காய விவசாயிகள் காலையில் முதல் வேலையாக நீர் தெளித்து இலைப்பனியைக் கழுவிவிடுகிறார்கள். பனியைத் தண்ணீரால் கழுவுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் இலையில் ஒட்டிய பூஞ்சண வித்துகளும் அதோடு போகின்றன.

உரம்தான் பெரிய கவலை. மணல் தண்ணீரை எப்படி உடனே கீழே விடுகிறதோ, அப்படியே யூரியாவையும் விடுகிறது. பயிர் உண்டது போக மீதி நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வருகிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. கற்பிட்டியில் தோட்டங்களுக்கு நடுவேயுள்ள கிணறுகள் பல இதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் திடீரென நிறுத்தி, நவம்பரில் அந்தத் தடையை விலக்கிக்கொண்டது. மணலை மெல்ல மெல்ல மாற்ற வேண்டிய ஒரு வேலையை ஒரே அறிவிப்பில் செய்துவிட முடியாது என்பதை விவசாயிகள் நட்டத்தோடு அனுபவித்தார்கள்.

மெல்ல மாற்றும் வழி வீட்டு வளவிலேயே இருக்கிறது. இதே புத்தளம் மாவட்டத்தில், லுணுவிலவில் 1929 முதல் இயங்கும் தென்னை ஆராய்ச்சி நிறுவனம், தென்னையைச் சுற்றிக் குழி வெட்டிப் பொச்சுமட்டைகளை அடுக்கிப் புதைக்கச் சொல்கிறது. மட்டை மழைநீரை உறிஞ்சி வைத்து வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். கத்தரிக்கும் பூசணிக்கும் இது பொருந்தும்: ஒரு முழக் குழி, அடியில் மட்டை, மேலே ஆட்டெரு கலந்த மண், கடைசியாகக் காய்ந்த ஓலை மூடாக்கு. குசினிக் கழிவுநீரைக் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் திருப்பிவிட்டால் கிணற்றில் ஒரு வாளி மிச்சம். மழை ஓய்ந்து மணல் இன்னும் ஈரமாக இருக்கும் இந்த வாரங்களே இத்தனைக்கும் ஏற்ற நேரம்.

ஊர் சுற்றவும் இதுவே நேரம். வாடைக்காற்றுக் காலம் முழுவதும் இந்தப் பக்கத்துக் கடல் அடங்கிக் கிடக்கும். கார்த்திகை முதல் சித்திரை வரை கற்பிட்டிக்கு வெளியே கூட்டம் கூட்டமாக டொல்பின்கள் துள்ளுகின்றன. சில காலைகளில் பெருந்தலைத் திமிங்கிலமும் தென்படும். களப்பை ஒட்டி, 1667இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய கோட்டை நிற்கிறது. ஆனால் இந்த மண்ணின் பெரிய உலா தலவில் தேவாலயத்தின் புனித அன்னம்மாள் திருவிழாதான். கப்பல் உடைந்து கரையேறிய ஐரோப்பியர் ஒருவர் மரத்தடியில் அன்னம்மாளின் சொரூபத்தை வைத்தார் என்பது வழிவழிக் கதை. ஆண்டுக்கு இரண்டு திருவிழா, மார்ச்சிலும் ஓகஸ்டிலும். தமிழரும் சிங்களவரும் குடும்பத்தோடு வந்து, கடற்கரை மர நிழல்களில் கொட்டகை போட்டு, மணலில் அடுப்பு மூட்டி நாட்கணக்கில் தங்குவார்கள்.

நுரைச்சோலை என்றதும் நாட்டின் மற்றப் பகுதியினருக்கு நினைவு வருவது 2011இல் இயங்கத் தொடங்கி 2014இல் 900 மெகாவாட்டாக நிறைவடைந்த லக்விஜய அனல் மின் நிலையம். அதுவும் பருவத்துக்குக் கட்டுப்பட்டதே. நிலக்கரிக் கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, சிறு படகுத் தெப்பங்கள் சுமையைக் கரைக்குக் கொண்டுவரும். கடல் அடங்கிய மாதங்களில் மட்டுமே அது முடியும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பினால் கரித்தூசும் சாம்பலும் இலைகளிலும் கூரைகளிலும் படிகின்றன என்று அயலூர் மக்கள் ஆண்டாண்டாக முறையிட்டு வருகிறார்கள்.

சித்திரை முடிவில் கடைசிக் கப்பல் விலகும். அலை எழும்பும், டொல்பின் பார்க்கும் படகுகள் கரையேறும், விடியலில் இலை காய்ந்தே இருக்கும். அப்போது கிணற்றடியில் நிற்பவர் முதல் வாளியிலிருந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்து, உப்பு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்.