ஆகாஷ் புகட்டிய பாடம்

2011-ஆம் வருஷம் அக்டோபர் 5-ஆம் தேதி புது டில்லியில் இந்திய சர்க்கார் 'ஆகாஷ்' என்னும் கைப்பலகைக் கணினியை வெளியிட்டபோது, தேச மக்கள் அடைந்த பூரிப்புக் கொஞ்சமல்ல. சர்க்கார் ஒன்றுக்குக் கொடுத்த விலை சுமார் 2,276 ரூபாய். அதைச் சலுகை விலையில் கலாசாலை மாணாக்கர்களுக்கு அளித்துவிட்டால் உயர்கல்வியின் குறையெல்லாம் தீரும் என்று பலர் நம்பினார்கள்.

நடந்தது என்ன? விரலால் அழுத்தினாலொழிய அதன் திரை இணங்கவில்லை. வேகமோ ஆமை நடை. 2012 நவம்பரில் வந்த இரண்டாவது ஆகாஷ் எவ்வளவோ மேல். ஆயினும் சில வருஷங்களில் திட்டமே மங்கி மறைந்தது.

ஆனால், ஆரவாரமின்றி 2003-ல் தொடங்கிய மற்றொரு முயற்சி நிலைத்து நிற்கிறது. ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து ஆரம்பித்த 'என்.பி.டெல்' அது. பேராசிரியர்களின் விரிவுரைகளைப் படம் பிடித்து, யாவரும் இலவசமாகக் கேட்கும்படி வைத்திருக்கிறார்கள். சிற்றூர்க் கல்லூரி மாணவி ஒருத்தி, சென்னைப் பேராசிரியரின் விரிவுரையை விளங்காத இடத்தில் நிறுத்தி, மறுபடியும் மறுபடியும் கேட்கலாம். எந்த வகுப்பில் இந்தச் சௌகரியம் உண்டு?

இதனால் ஆசிரியரின் பொறுப்புக் குறையவில்லை. பெருகுகிறது என்றே நாம் கருதுகிறோம். விரிவுரையை மாணவர் வீட்டிலேயே கேட்டுவிட்டால், வகுப்பு நேரத்தைச் சந்தேகம் தீர்ப்பதற்கும் கணக்குகளைப் போட்டுப் பார்ப்பதற்கும் செலவிடலாம். குறிப்புச் சொல்லி எழுதவைக்கும் வழக்கம் மாறாத வகுப்பில், பலகை பொன்னால் ஆனதாயினும் பயனில்லை.

ஆதலின், கருவிகளுக்குப் பணம் ஒதுக்கும் கலாசாலைகள் ஆசிரியர்களின் பயிற்சிக்கும் தாராளமாக ஒதுக்கட்டும். பெற்றோர்களும், "கல்லூரியில் கருவி உண்டா?" என்று கேட்பதோடு நில்லாமல், "அதைக் கொண்டு எப்படிக் கற்பிக்கிறீர்கள்?" என்றும் கேட்க வேண்டுகிறோம்.